சாறா, பொடியா, கஷாயமா, கேப்சூலா: மூலிகையை எந்த வடிவத்தில் எடுப்பது?

நெல்லிக்காயைச் சாறு பிழிந்து குடிப்பதா, பொடியாகவே வாங்கிக்கொள்வதா? நிலவேம்பைக் கொதிக்க வைத்தால் அதில் இருப்பது போய்விடுமா? கீழாநெல்லிதான் கேப்சூலாகக் கிடைக்கிறதே, இலையை ஏன் அரைக்க வேண்டும்? வாசகர்கள் கேட்பதில் பெரும்பகுதி இந்த மாதிரிதான். எந்த மூலிகை என்பதை முடிவு செய்துவிடுகிறார்கள்; எந்த வடிவத்தில் என்ற இடத்தில் தயங்கி நிற்கிறார்கள். தயங்குவது நியாயம்தான். வடிவம் தப்பினால் வெறும் கசப்புத் தண்ணீரைக் குடித்ததோடு முடியலாம். இல்லையென்றால், இலையைத் தின்று ஒருநாளும் எட்ட முடியாத அளவு ஒரே விழுங்கலில் உள்ளே போய்விடலாம்.

செடியின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஒரே இலைக்குள் தண்ணீரில் கரைவதும் கரையாததும், சூட்டைத் தாங்குவதும் தாங்காததுமாகப் பல சேர்மங்கள் இருக்கின்றன. அவற்றில் எது நமக்கு வேண்டும் என்று தெரிந்துவிட்டால், வடிவம் பெரும்பாலும் தானாகவே முடிவாகிவிடும்.

## எதை வைத்து எடை போடுவது?

எதில் கரைகிறது? வைட்டமின் சி, டானின் எனப்படும் துவர்ப்புப் பொருள்கள், சர்க்கரை ஒட்டிய கிளைகோசைடுகள் ஆகியவை தண்ணீரில் எளிதாக இறங்கும். நிலவேம்பின் ஆண்ட்ரோகிராஃபோலைடு, கீழாநெல்லியின் ஃபில்லாந்தின், மிளகின் பைபரின், துளசியின் உர்சாலிக் அமிலம் போன்றவை தண்ணீரில் மிகக் குறைவாகவே கரையும். ஆல்கஹாலில் நன்றாகக் கரையும்.

சூடு, காற்று, வெளிச்சத்தைத் தாங்குமா? வைட்டமின் சி-க்கு இந்த மூன்றுமே ஆகாது. துளசியின் மணத்துக்குக் காரணமான யூஜினால் நீராவியோடு சேர்ந்து பறந்துவிடும். ஆடாதொடை இலையின் வாசிசின் காற்றும் வெளிச்சமும் பட்டால் மெல்ல வாசிசினோனாக மாறும்.

எங்கே வேலை செய்கிறது? இதைப் பலர் யோசிப்பதே இல்லை. சிறுகுறிஞ்சான் இலையை மென்று பாருங்கள். அதிலுள்ள ஜிம்னமிக் அமிலங்கள் நாக்கின் இனிப்பு உணரும் ஏற்பிகளை மறைத்துவிடும். அடுத்த அரை மணி நேரத்துக்குச் சர்க்கரையை வாயில் போட்டால் மணல் மாதிரி நெறுநெறுக்குமே தவிர இனிக்காது. இனிப்பு மேல் உள்ள ஆசையைக் குறைக்கத்தான் அந்த இலை என்றால் கேப்சூல் வீண். அது நாக்கைத் தொடாமலே வயிற்றுக்குள் இறங்கிவிடுகிறது.

அளவு தப்பினால் என்ன ஆகும்? நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பது இதைத்தான். நெல்லிச் சாறு கொஞ்சம் கூடினால் வயிறு புளிக்கும், அவ்வளவுதான். அரளி இலை கூடினால் இதயம் நின்றுவிடும். இரண்டுக்கும் நடுவில் பல படிகள் இருக்கின்றன. உங்கள் மூலிகை எந்தப் படியில் நிற்கிறது என்று தெரியாமல் வடிவத்தைப் பற்றிப் பேசவே கூடாது.

கையில் இருப்பது அதுதானா? இலையைப் பார்த்து அடையாளம் சொல்லலாம். பொடியைப் பார்த்துச் சொல்ல முடியாது. கேப்சூலைப் பார்த்துச் சொல்லவே முடியாது.

## பச்சையாக: மென்றும், அரைத்தும், பிழிந்தும்

சூட்டுக்கும் காற்றுக்கும் பயப்படும் சேர்மங்களுக்கு இதுதான் இடம். நெல்லிக்காயின் வைட்டமின் சி வேண்டுமென்றால் காயைக் கடித்துத் தின்பதும், பிழிந்த கையோடு சாற்றைக் குடிப்பதும்தான் சரி. துவர்ப்பு மட்டும் போதும் என்றால் காய்ந்த நெல்லியிலும் அது நிறையவே இருக்கிறது. எலாஜிக் அமிலமும் காலிக் அமிலமும் சார்ந்த டானின்கள் காய்வதால் அவ்வளவாக அழிவதில்லை. நெல்லியைத் தின்றதும் வாய் வறண்டு இழுக்கிறதே, அந்த டானின்கள் எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்வதால்தான்.

முருங்கை இலை இன்னொரு பாடம் சொல்கிறது. அதன் காரமான ஐசோதயோசயனேட் முழு இலையில் தயாராக இருப்பதில்லை. குளுக்கோமொரிங்கின் ஒரு பக்கம், மைரோசினேஸ் என்ற நொதி ஒரு பக்கம் என்று தனித்தனியாக அடைபட்டிருக்கும். மெல்லும்போதும் அரைக்கும்போதும்தான் இரண்டும் சந்தித்து அந்தப் புதிய சேர்மம் பிறக்கும். இலையை முதலில் கொதிக்கும் தண்ணீரில் போட்டுவிட்டால் நொதி செத்துவிடும். அப்புறம் எவ்வளவு அரைத்தாலும் பிரயோசனம் குறைவு. அதனால் வரிசை முக்கியம். முதலில் கசக்கி அல்லது அரைத்துச் சில நிமிடம் விட்டு, பிறகு சூடாக்கலாம்.

கண்ணுக்குத் தெரியாத செலவுகளும் உண்டு. முதலாவது, அடையாளம். கீழாநெல்லிக்கு அச்சு அசலாகத் தெரியும் உறவுச் செடிகள் பல இருக்கின்றன. ஃபில்லாந்தின் அவற்றில் பலவற்றில் மிகக் குறைவு, சிலவற்றில் இல்லவே இல்லை. இரண்டாவது, எந்தப் பகுதி என்பது. கற்றாழை மடலின் நடுவிலுள்ள தெளிந்த சோறும், தோலுக்கு அடியில் வழியும் மஞ்சள் பாலும் ஒன்றல்ல. பாலில் உள்ள அலோயின் கடுமையான பேதி மருந்து. அதை வைத்துத் தயாரித்த பேதி மருந்துகளைப் பாதுகாப்புச் சான்று போதவில்லை என்று 2002-இல் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் மருந்துச் சீட்டின்றி விற்பதிலிருந்து நீக்கியது. மடலைச் சீவியதும் சாய்த்து வைத்து மஞ்சள் பாலை வடியவிடாமலும், சோற்றைப் பல முறை கழுவாமலும் அரைப்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, அளவு. ஒரே செடியின் இலையில் பருவம், மண், இலையின் வயது என்று எல்லாவற்றையும் பொறுத்துச் சேர்ம அளவு ஏறி இறங்கும். எந்த அளவானாலும் ஆபத்தில்லாத செடிகளுக்கு இது குறையே இல்லை. மற்றவற்றுக்குப் பெரிய குறை.

## பொடி

கரையாத சேர்மங்களுக்குப் பொடி ஒரு நல்ல வழி, அதைப் பலர் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். கஷாயத்தில் கரைந்தது மட்டும்தான் உள்ளே போகும். சக்கையில் தங்கியதைத் தூக்கி எறிந்துவிடுகிறோம். பொடியில் இலை முழுவதுமே வயிற்றுக்குள் போகிறது. அங்கே கொழுப்பும் பித்தநீரும் சேர்ந்து, தண்ணீர் இறக்காததில் ஒரு பகுதியை இறக்கிவிடும். ஃபில்லாந்தின், ஆண்ட்ரோகிராஃபோலைடு போன்றவற்றுக்கு இது பொருந்தும்.

ஆனால் அரைத்த நொடியிலிருந்து பொடிக்கு வயதாகத் தொடங்குகிறது. மேற்பரப்பு பல மடங்கு கூடுவதால் மணம் பறக்கிறது, காற்று உள்ளே புகுகிறது, ஈரம் ஏறுகிறது. ஈரம் ஏறினால் பூஞ்சை வரும். சூரணத்துக்கு மூன்று மாதம் என்று சித்த மருத்துவம் கெடு வைத்ததில் அர்த்தம் இருக்கிறது. முழு மிளகு ஆண்டுக்கணக்கில் தாங்கும். மிளகுப் பொடி தாங்காது.

கலப்படம் நடக்க வசதியான வடிவமும் இதுதான். மிளகில் பப்பாளி விதை கலப்பது ஊரறிந்த கதை. இலைப் பொடியில் வேறு இலை சேர்ந்தால் நாக்கால் கண்டுபிடிக்க முடியாது. மண்ணிலிருந்து இலைக்கு ஏறிய ஈயம், காட்மியம் போன்றவை கஷாயத்தில் ஓரளவு சக்கையோடு நின்றுவிடும். பொடியில் எல்லாம் உள்ளே போகும். தினமும் மாதக்கணக்கில் சாப்பிடப்போகிறீர்கள் என்றால், உலோகப் பரிசோதனைச் சான்று இல்லாத பொடியை வாங்காதீர்கள். முழுதாகக் காய்ந்த இலையையோ காயையோ வாங்கி, கொஞ்சம் கொஞ்சமாக வீட்டில் அரைத்துக்கொள்வது என் கணக்கில் எப்போதும் மேல்.

ஒரு கணக்கைச் சொல்லிவிடுகிறேன், பலர் தப்பு செய்யும் இடம் இது. பச்சை இலையில் சுமார் 80 சதவீதம் தண்ணீர் என்று வைத்துக்கொண்டால், 1 கிராம் பொடி 5 கிராம் பச்சை இலைக்குச் சமம். பச்சை இலைக்குச் சொன்ன அளவை அப்படியே பொடிக்கும் எடுத்தால் ஐந்து மடங்கு ஏறிவிடும்.

## கஷாயம்

கஷாயத்தைப் பற்றி இரண்டு கட்சிகள் உண்டு. கொதிக்க வைத்தால் எல்லாம் போய்விடும் என்பது ஒன்று. நன்றாகச் சுண்டக் காய்ச்சினால்தான் மருந்து என்பது இன்னொன்று. எந்தச் சேர்மம் என்று சொல்லாதவரை இரண்டுமே பாதி உண்மைதான்.

சூடு கெடுப்பதற்கு மருத்துவ வரலாற்றிலேயே பெரிய உதாரணம் ஒன்று இருக்கிறது. மாசிபத்திரியின் உறவுச் செடியான ஆர்ட்டிமீசியா அன்னுவாவின் இலையிலிருந்து மலேரியா மருந்து தேடிக்கொண்டிருந்தார் சீன ஆய்வாளர் டூ யூயூ. சாரங்கள் ஒரு முறை வேலை செய்யும், இன்னொரு முறை செய்யாது. 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சீன மருத்துவர் கே ஹோங்கின் குறிப்பில், அந்தச் செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்லியிருந்தது. காய்ச்சச் சொல்லவில்லை. சூடுதான் கெடுக்கிறது என்று ஊகித்து, 35 டிகிரியிலேயே கொதித்துவிடும் ஈதர் என்ற கரைப்பானைக் கொண்டு 1971-இல் அவர் எடுத்த சாரம் விலங்குச் சோதனையில் வென்றது. அதிலிருந்து வந்த ஆர்ட்டிமிசினினுக்காக 2015-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதே செடியின் தேநீரையோ பொடியையோ மலேரியாவுக்குப் பயன்படுத்துவதை உலக சுகாதார அமைப்பு ஏற்கவில்லை. அதில் மருந்தின் அளவு போதாமலும் நிலையில்லாமலும் இருப்பதுதான் காரணம். அரைகுறை அளவில் கொடுத்தால் கிருமி அந்த மருந்துக்குப் பழகிக்கொள்ளும்.

மறுபக்கம், ஆடாதொடைக்குக் கஷாயம் நன்றாகவே பொருந்தும். வாசிசின் ஓர் ஆல்கலாய்டு, அதாவது காரத்தன்மையுள்ள தாவரச் சேர்மம். இலையில் அமிலங்களோடு சேர்ந்து உப்பாக இருப்பதால் தண்ணீரில் இறங்கும். சளியை இளக்கும் புரோம்ஹெக்சின் என்ற நவீன மருந்தே வாசிசினை மாதிரியாக வைத்து உருவாக்கப்பட்டதுதான். (கருப்பையைச் சுருங்கச் செய்யும் தன்மை வாசிசினுக்கு உண்டு, கர்ப்பிணிகளுக்கு இது வேண்டாம்.) கடுக்காயில் செபுலாஜிக் அமிலம், செபுலினிக் அமிலம் என்ற பெரிய டானின்கள் இருக்கின்றன. அதிக நேரம் கொதித்தால் அவை உடைந்து காலிக் அமிலமும் எலாஜிக் அமிலமுமாக மாறும். அதாவது ஐந்து நிமிடக் கடுக்காய்க் கஷாயமும் ஒரு மணி நேரக் கஷாயமும் வேதியியல்படி வேறு வேறு மருந்துகள். எவ்வளவு நேரம் கொதிக்க வேண்டும் என்று கேட்காமல் குறிப்பை மட்டும் வாங்கிக்கொண்டு வருவது பாதி மருந்தை விட்டுவிட்டு வருவதுதான்.

நிலவேம்புக்கு வருவோம். ஆண்ட்ரோகிராஃபோலைடு தண்ணீரில் சரியாகக் கரையாது. குளிர்ந்த தண்ணீரில் ஊறவைத்தால் இறங்குவது மிகக் கொஞ்சம், கொதிநீர் அதைவிட மேல். ஆனால் கசப்பு உங்களை ஏமாற்றும். மிகச் சிறிய அளவிலேயே வாயைக் கசக்க வைக்கும் சேர்மம் அது. குடிநீர் கடுமையாகக் கசக்கிறது என்பதால் மருந்து முழுவதும் இறங்கிவிட்டது என்று அர்த்தமில்லை.

துளசி மாதிரி மணமுள்ள இலை என்றால் கொதிக்க வைக்கவே வேண்டாம். அடுப்பை அணைத்து, இலையைப் போட்டு, மூடி வையுங்கள். வீடெல்லாம் துளசி மணக்கிறது என்றால், அந்த யூஜினால் உங்கள் குவளையில் இல்லை. பத்து நிமிடம் கழித்து மூடியின் உட்புறம் துளித்துளியாக நிற்கும் தண்ணீரையும் குவளைக்குள்ளேயே தட்டி விடுங்கள். பறக்கப்பார்த்த எண்ணெயில் ஒரு பங்கு அதில்தான் இருக்கிறது.

கஷாயத்தின் மறைவான செலவு நேரமும் ஆயுளும்தான். தினமும் புதிதாகக் காய்ச்ச வேண்டும். காலையில் போட்டதை இரவுவரை வெளியில் வைத்துக் குடித்தால் கிருமி சேரும். முழுச் செடியைப் பார்த்து வாங்கலாம், சக்கையை வடித்துவிடலாம், அதிகம் குடித்தால் நாக்கே நிறுத்திவிடும் என்ற மூன்று காரணங்களால் பழக்கப்பட்ட மூலிகைகளுக்கு நான் பெரும்பாலும் கஷாயத்தையே சொல்வேன்.

## ஆல்கஹால் சாரம்

60, 70 சதவீத ஆல்கஹால், வாசிசின் போன்ற ஆல்கலாய்டு, ஃபில்லாந்தின் போன்ற லிக்னான், ஆண்ட்ரோகிராஃபோலைடு போன்ற டைட்டர்பீன் என்று பலதையும் ஒரே வீச்சில் இறக்கும், ஆண்டுக்கணக்கில் கெடாது, சொட்டுக் கணக்கில் அளக்கலாம். கற்றாழைச் சோறு போன்ற வழவழப்புப் பொருள்களை மட்டும் இறக்காது. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கல்லீரல் நோயுள்ளவர்களுக்கும் இது ஆகாது. குடியை விட்டுக்கொண்டிருப்பவர்களுக்குச் சில சொட்டுகூட வேண்டாம்.

## கேப்சூலும் தரப்படுத்திய சாரமும்

அளவு துல்லியமாக வேண்டும் என்றால் இதை மிஞ்ச ஒன்றும் இல்லை. நிலாவாரை நல்ல உதாரணம். அதன் இலையிலும் காயிலும் உள்ள சென்னோசைடுகள் பெருங்குடல் பாக்டீரியாக்களால் மாற்றப்பட்ட பிறகுதான் வேலை செய்கின்றன. அதனால்தான் இரவில் எடுத்தால் 6 முதல் 12 மணி நேரம் கழித்துக் காலையில் பலன் தெரிகிறது. இலையை ஊறவைத்துக் குடித்தால் ஒரு நாள் ஒன்றுமே ஆகாது, இன்னொரு நாள் வயிற்றை முறுக்கும். மில்லிகிராம் எழுதிய மாத்திரையில் அந்தத் தொல்லை குறைவு. இதில் நான் தயங்காமல் மாத்திரை பக்கம்தான். அதையும் வாரக்கணக்கில் தொடரக் கூடாது.

ஆனால் செறிவு கூடும்போது மூலிகையின் குணமே மாறிவிடக்கூடும் என்பதைக் கேப்சூல் விளம்பரங்கள் சொல்வதில்லை. பச்சைத் தேயிலையைப் பாருங்கள். தேநீராகக் குடிப்பதில் பொதுவாகப் பிரச்சினை இல்லை. அதே இலையின் எபிகேலோகேட்டகின் கேலேட் என்ற சேர்மத்தைப் பிரித்துக் கேப்சூலாக நாளொன்றுக்கு 800 மில்லிகிராம், அதற்கு மேல் என்று எடுத்தால் கல்லீரல் நொதிகள் உயர்வதை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் சுட்டிக்காட்டியது. வில்வ இலையில் இயற்கையாக இருக்கும் ஏஜெலினைச் செயற்கையாகத் தயாரித்து, எடை குறைக்கும் கேப்சூலில் சேர்த்து விற்றார்கள். 2013-இல் அமெரிக்காவின் ஹவாயில் அதைச் சாப்பிட்டவர்கள் பலருக்குக் கடுமையான கல்லீரல் பாதிப்பு வந்தது, உயிரிழப்பும் நடந்தது. காரணம் ஏஜெலின் மட்டும்தானா என்பதில் விவாதம் உண்டு. ஆனாலும் "இலையில் இருப்பதுதானே" என்ற சமாதானம் கேப்சூலுக்குச் செல்லாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

லேபிளில் "10:1 சாரம்" என்று இருந்தால், 10 கிலோ இலையிலிருந்து 1 கிலோ சாரம் எடுத்தார்கள் என்று மட்டும்தான் பொருள். 500 மில்லிகிராம் கேப்சூல் ஒன்று 5 கிராம் காய்ந்த இலை, அதாவது ஏறக்குறைய 25 கிராம் பச்சை இலை. நாளுக்கு நான்கு கேப்சூல் என்றால் 100 கிராம். அதில் வேண்டிய சேர்மம் எத்தனை சதவீதம் என்பதை அந்த எண் சொல்லவே சொல்லாது. சேர்மத்தின் பெயரும் மில்லிகிராமும் தனியாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் துல்லியம் என்ற ஒரே சாதகமும் போய்விட்டது. அப்புறம் ஏன் கேப்சூல்?

## ஒரே பார்வையில்

| சேர்மம் | எதில் இருக்கிறது | தண்ணீரில் | சூட்டில் | பொருத்தமான வடிவம் |
|---|---|---|---|---|
| வைட்டமின் சி | நெல்லிக்காய் | நன்றாகக் கரையும் | கெடும் | பச்சைக் காய், உடன் பிழிந்த சாறு |
| டானின்கள் | நெல்லி, கடுக்காய் | கரையும் | நேரம் கூடினால் உடையும் | பொடி, கஷாயம் |
| யூஜினால் | துளசி இலை | கொஞ்சம் | ஆவியோடு பறக்கும் | மென்று தின்பது, மூடி ஊறவைத்த நீர் |
| ஐசோதயோசயனேட் | முருங்கை இலை | அரைத்தால்தான் உருவாகும் | நொதி அழியும் | அரைத்த பச்சை இலை |
| வாசிசின் | ஆடாதொடை இலை | இறங்கும் | தாங்கும் | கஷாயம் |
| ஆண்ட்ரோகிராஃபோலைடு | நிலவேம்பு இலை | மிகக் குறைவு | கொதிநீரில் ஓரளவு இறங்கும் | பொடி, ஆல்கஹால் சாரம் |
| ஃபில்லாந்தின் | கீழாநெல்லி இலை | மிகக் குறைவு | தாங்கும் | அரைத்த இலை, பொடி |
| ஜிம்னமிக் அமிலங்கள் | சிறுகுறிஞ்சான் இலை | கொதிநீரில் இறங்கும் | தாங்கும் | இனிப்பு ஆசைக்கு மெல்லுதல் மட்டுமே |
| சென்னோசைடுகள் | நிலாவாரை இலை, காய் | இறங்கும் | அளவுதான் சிக்கல் | மில்லிகிராம் எழுதிய மாத்திரை |

## வீட்டு வடிவம் எதுவுமே வேண்டாத செடிகள்

1785-இல் ஆங்கில மருத்துவர் வில்லியம் விதரிங், டிஜிட்டாலிஸ் என்ற செடியின் இலையை, உடலில் நீர் கோத்து வீங்கும் நோய்க்குப் பயன்படுத்திய அனுபவத்தை எழுதினார். முதலில் கஷாயம் வைத்துப் பார்த்தார்; அளவு கைக்குள் நிற்கவில்லை. ஊறல் நீருக்கு மாறினார். கடைசியில், பூக்கும் பருவத்தில் பறித்துக் காயவைத்த இலையின் பொடிக்கு வந்து சேர்ந்தார். நம் கேள்வியைத்தான் அவரும் கேட்டிருக்கிறார், வேறு காரணத்துக்காக: குணமாக்கும் அளவுக்கும் கொல்லும் அளவுக்கும் இடைவெளி அவ்வளவு குறுகல். 1930-இல் டிஜிட்டாலிஸின் இதய மருந்தான டிகாக்சின் தனியாகப் பிரிக்கப்பட்ட பிறகு இலைக்கு மெல்ல வேலை இல்லாமல் போனது. இன்று அந்த மருந்தின் ரத்த அளவை நானோகிராமில் அளக்கிறார்கள்.

அரளியில் இருப்பதும் அதே குடும்பத்தைச் சேர்ந்த இதயக் கிளைகோசைடுகள்தான். காயவைத்தாலும் கொதிக்க வைத்தாலும் அவை அழிவதில்லை. ஊமத்தையின் இலை, காய், விதை எல்லாவற்றிலும் அட்ரோபினும் ஸ்கோபாலமினும் உண்டு. அளவு செடிக்குச் செடி தாறுமாறாக மாறும். இவற்றை எந்த வடிவத்தில் எடுக்கலாம் என்று யோசிக்கவே வேண்டாம்.

## ஏற்கெனவே மருந்து சாப்பிடுபவர்களுக்கு

இங்கே ஒப்பீடு தலைகீழாகிறது. மற்றவர்களுக்கு நல்லது என்று சொன்ன செறிவு, உங்களுக்குத்தான் அதிக ஆபத்து. மிளகின் பைபரினையே எடுத்துக்கொள்ளுங்கள். 1998-இல் வெளியான ஓர் ஆய்வில், 20 மில்லிகிராம் பைபரின் சேர்ந்ததும் மஞ்சளின் குர்குமின் ரத்தத்தில் 20 மடங்கு கிடைத்தது. கல்லீரலும் குடலும் அந்நியப் பொருள்களை வெளியேற்றும் வேலையைப் பைபரின் தடுப்பதுதான் இதற்குக் காரணம் என்கிறார்கள். அந்தத் தடை குர்குமினோடு நிற்காது. வலிப்புக்குத் தரும் ஃபெனிட்டோயின், இதயத்துக்குத் தரும் ப்ராப்ரனலால் ஆகியவற்றின் ரத்த அளவும் ஏறுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 20 மில்லிகிராம் என்பது அரை கிராமுக்கும் குறைவான மிளகில் இருப்பதுதான். சமையலில் எப்போதோ விழும் மிளகுக்கும், பைபரின் கேப்சூலுக்கும் உள்ள வித்தியாசம் அளவில் மட்டும் இல்லை, அது தினமும் மருந்தோடு சேர்ந்தே உள்ளே போவதில்தான்.

சர்க்கரை நோய் மாத்திரையோடு சிறுகுறிஞ்சான் கேப்சூல் சேர்ந்தால் சர்க்கரை தேவைக்கு மேல் இறங்கலாம். நிலவேம்பு சிலருக்குக் கடுமையான ஒவ்வாமையைக் கொடுத்திருக்கிறது. முதல் முறை எடுக்கும்போது உதடு, நாக்கு வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி எடுக்க நினைப்பவர்கள், காமாலை வைரஸால் வந்ததா, பித்தப்பைக் கல்லால் வந்ததா என்பதை முதலில் பரிசோதித்துத் தெரிந்துகொள்ளுங்கள். கல் அடைத்திருந்தால் எந்த இலையும் அதை நகர்த்தாது, கழியும் ஒவ்வொரு நாளும் ஆபத்து.

மருத்துவரிடம் சொல்லும்போது "மூலிகை எடுக்கிறேன்" என்று மட்டும் சொன்னால் அவரால் ஒன்றும் கணக்கிட முடியாது. பச்சை இலையா, பொடியா, கேப்சூலா, நாளுக்கு எவ்வளவு, எத்தனை நாளாக என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கேப்சூல் என்றால் புட்டியையே கையோடு கொண்டு போங்கள்.